தண்ணி விழுதா?

ஆனி பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அந்தப் போன் வரும். “நல்லா இருக்கியளா” கிடையாது, “அண்ணனுக்கு முட்டுவலி எப்படி இருக்கு” கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான். “மைனி, தண்ணி விழுதா?”

கேட்பவள் என் நாத்தனார். இருப்பது தூத்துக்குடியில். கேட்பது குற்றாலத்து அருவியைப் பற்றி. நான் இருப்பதோ புளியங்குடியில். இங்கிருந்து குற்றாலம் முப்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால், தென்காசி என்று ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை தெரியும், மலைமேல் மேகம் தெரியும், அருவி தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இருபத்தாறு ஆனியிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். தூத்துக்குடிக்காரர்கள் நினைப்பில் இந்தப் பக்கம் முழுக்க ஒரே பாறை. அதன்மேல் எந்நேரமும் தண்ணீர் ஓடுகிறது. அதன் அடியில் நாங்கள் எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது இந்தத் தொல்லை குறையும் என்று நினைத்தேன். கூடத்தான் செய்தது. முன்னே “நாங்க திருநெல்வேலி மாவட்டம்” என்று சொல்லித் தப்பிக்கவாவது வழியிருந்தது.

மலை பக்கத்தில் இருந்தால் சாரல் விழும் என்று யார் சொன்னது? எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற மலை நல்ல உயரம். மதில் மாதிரி நிற்கும். கேரளத்துப் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியாக ஈரத்தோடு நுழைகிற காற்றுதான் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் சாரல். பஸ்ஸில் போனாலே தெரிந்துவிடும். கடையநல்லூர் வரைக்கும் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வருகிறவர்கள், இடைகால் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிடுவார்கள். எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் காற்று அடிக்கும், கண்ணில் மண் விழும், கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டுக் கொல்லையில் கிடக்கும். தண்ணி விழுதா என்றால், எங்கே விழுது?

ஆனாலும் பதில் சொல்லாமல் முடிகிறதா? எங்கள் தெருப் பையன் ஒருவன் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கப் போவான். அவனைக் கூப்பிட வேண்டும். அவன் பாஷையே தனி. “அக்கா, மெயின்ல சுமாரா விழுது, அஞ்சுல நாலு விழுது, பழையதுல கூட்டம்” என்பான். ஐந்தருவியில் நாலு கிளையில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். “ஆர்ச்சைத் தாண்டிருச்சுக்கா” என்றால் பேரருவியில் அந்தப் பாதுகாப்பு வளைவையும் தாண்டி வெள்ளம் கொட்டுகிறது, போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவையும் கேட்டு, மொழிபெயர்த்து, தூத்துக்குடிக்கு அனுப்பினால் பதில் வரும்: “அப்ப சரி மைனி, ஞாயித்துக்கிழமை வந்துருதோம்.” விழவே இல்லை என்று சொன்ன வருஷமும் உண்டு. “அதுக்கென்ன, மலையைப் பார்த்துட்டு வருவோம்” என்று அப்போதும் வந்தார்கள். பிறகு எதற்கு என்னைக் கேட்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வருவது கூடப் பரவாயில்லை. “காலைல வந்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிருவோம், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல மைனி” என்கிறாளே, அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வீடு எடுத்துக் குடியிருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்தால் நாள் கணக்கில் தங்கினார்கள். காலையில் அருவி, பிறகு சாப்பாடு, பிறகு கம்பன், சாயங்காலம் மறுபடியும் அருவி. அப்படித் தங்கியவர்களுக்குத்தான் குற்றாலம் பிடிபட்டது. அருவியில் ஒரு தடவை நின்றுவிட்டு வந்து, தலை காய்ந்து, பசி எடுத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடியும் போய் நிற்பதுதான் குற்றாலம். அவர் 1954-இல் மறைந்தார். நல்லவேளை, பதினான்கு பேர் வேனில் வந்து, பத்து நிமிஷம் தலையை நனைத்துவிட்டு, “அடுத்து எந்த அருவி” என்று கேட்பதை அவர் பார்க்கவில்லை.

போன ஆனியில் நடந்ததைச் சொல்கிறேன். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம் என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து குற்றாலத்துக்கு நேர்வழி திருநெல்வேலி, ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், தென்காசி. நூற்றுப்பத்து கிலோமீட்டர்போல வரும். இவர்கள் அப்படி வரமாட்டார்கள். எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று சுற்றிக்கொண்டு புளியங்குடிக்கு வருவார்கள். எதற்கு? என்னை ஏற்றிக்கொள்ள. எனக்கு வழி தெரியுமாம். தென்காசிச் சாலையில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், அதற்கு ஒரு ஆள் வேண்டுமா? இட்லிக்காகத்தான் சுற்றி வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தன் தங்கச்சியைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வருகிற வழியில் என்னென்ன இருக்கிறது! கழுகுமலையில் மலையை மேலிருந்து கீழே குடைந்து செய்த வெட்டுவான் கோயில் இருக்கிறது. ஒரே பாறை, பாண்டியர் காலத்து வேலை, முடியாமலே நின்றுபோன கோயில். அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். “பாத்தியளா?” என்று கேட்டேன். “இல்ல மைனி, அங்க நின்னா லேட்டாயிரும்லா.” சங்கரன்கோவிலில் கோமதியம்மனைக் கும்பிட்டீர்களா? “கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டோம்.” எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு? வேனில் எல்லோரும் தூக்கம். லேட்டாகிவிடும் என்று இத்தனையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்பதே கால்.

பதினான்கு பேர். தொண்ணூறு இட்லி, ரெண்டு சட்னி, சாம்பார். முந்தின நாள் ராத்திரியே பதினான்கு பேருக்குப் புளிச்சோறு கிண்டி, கானத் துவையல் அரைத்து, ரெண்டு தூக்குவாளியில் அடைத்து வைத்திருந்தேன். வெளியில் வாங்கினால் வயிற்றுக்கு ஆகாது என்று நாத்தனாரே போனில் சொன்னது. இட்லி தீர்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். எலுமிச்சம்பழச் சாக்கு இருக்கிற இடம் அவர்களுக்குத் தெரியும். புளியங்குடிக்கு வந்துவிட்டு எலுமிச்சை இல்லாமல் போனால் தெய்வக் குற்றம் என்கிற மாதிரி ஆளுக்கு ஒரு பை. எங்கள் ஊர் எலுமிச்சை கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. வெயில் காலத்தில் ஒரு பழம் என்ன விலை விற்றது என்று அந்தச் சாக்குக்குத் தெரியும். அப்போது இவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விலை இறங்கின பிறகு வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது பத்தரை. கடையநல்லூர்க் கடைத்தெருவில் அரை மணி நேரம். தென்காசியில், “பெரிய கோயிலுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வருவோமா? அந்தக் கோபுர வாசல்ல அடிக்கிற காத்துக்கே வரலாம்” என்று கேட்டுப் பார்த்தேன். ஆளைத் தள்ளுகிற காற்று அது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காக்கிறவர் யாரோ அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் எழுதி வைத்த ராஜா அவன். எனக்கு அந்தக் கல்வெட்டை நினைத்தாலே ஒரு மாதிரி ஆகிவிடும். “வரும்போது பாத்துக்கிடலாம் மைனி.” வரும்போது என்று ஒன்று வரப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

குற்றாலத்துக்குள் நுழைந்து வண்டியை நிறுத்த இடம் தேடி முடிக்கும்போது பன்னிரண்டேகால். சாரல் முகத்தில் அடித்தது. அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த ஈரத்துக்கு ஒரு வாசம் உண்டு. பாறை, பாசி, எங்கோ வறுபடுகிற நேந்திரங்காய், ஈரச் சேலை, எல்லாம் கலந்த வாசம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் குதித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் விசில் சத்தம். பேரருவியில் தடை.

காலையில் சுமாராக விழுந்ததுதான். மலையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே பெய்வது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. இதுதான் குற்றாலத்தின் குணம். பேரருவி அறுபது மீட்டர் உயரத்திலிருந்து வந்தாலும் நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்று ஒரு பள்ளத்தில் விழுந்து, அங்கே பொங்கி வழிந்துதான் நம் மேல் வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அந்த அருவியில் மனுஷன் நிற்க முடியாது. அதுவே நிரம்பி எகிறி ஆர்ச்சைத் தாண்டுகிறது என்றால் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தூர நின்று பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனால் என் நாத்தனார் வீட்டுக்காரர் போலீஸ்காரரிடம் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார். “சார், நாங்க தூத்துக்குடியில இருந்து வாறோம்.”

அந்தப் போலீஸ்காரருக்குச் சின்ன வயது. முழங்கால் வரை நனைந்திருந்தார். “அதுக்கு?” என்றார்.

“ஒரு நாள்தான் சார் லீவு. ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா நனைச்சுக்கிடுதோம்.”

தூத்துக்குடி என்று சொன்னால் வெள்ளம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று இவர்களுக்குத் தெரியாதா? நல்ல கோடைக்காலம். அருவி மெலிசாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று அடித்துக்கொண்டு போய்ச் செத்துப்போனது. அதுவும் நம்மைப் போல ஒரு நாள் வந்த பிள்ளைதான். இதை நான் அங்கேயே சொன்னேன். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு மைனி” என்றாள் நாத்தனார். நல்ல நாள் என்று காலண்டரில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்க நினைத்து, பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஐந்தருவிக்குப் போனோம். நாங்கள் மட்டுமா போனோம்? பேரருவியில் விரட்டப்பட்ட எல்லா வேனும் எங்களுக்கு முன்னும் பின்னும். ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். போகிற வழியில் ஒரு விளம்பரப் பலகை, தங்கும் விடுதி, உள்ளேயே அருவி இருக்கிறதாம். எனக்கு 2022 ஞாபகம் வந்தது. மலையிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி செய்துகொண்ட விடுதிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது அப்போதுதான். அருவியைத் திருட முடியும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. இந்தப் பலகைக்காரர் எப்படியோ, அது எனக்குத் தெரியாத கதை. ஆனால் வேனில் இருந்த ஒருவர், “அடுத்த வருஷம் இங்க வந்துருவோம், கூட்டமே இருக்காது” என்றார்.

ஐந்தருவியில் விட்டார்கள். வரிசையில் நிற்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இந்த இடத்தில்தான் வருஷாவருஷம் எனக்குரிய வேலை வரும்.

“மைனி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. இந்தா வந்துருதோம்.”

பை என்றால் ஒன்றா? பதினான்கு பேருடைய மாற்றுத்துணி, பதினோரு செல்போன், மூன்று கைக்கடிகாரம், சின்னவள் கழற்றிக் கொடுத்த கம்மல், மாமியார் முறை ஆச்சி ஒருத்தியின் பல்செட்டு. அதுவும் ஒரு டப்பாவில். நான் பாறைச் சுவரோரம் ஒட்டி நின்றேன். குரங்குகள் என்னைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்துகொண்டன. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்தக் குரங்குகளைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதி வைத்திருக்கிறார். அவர் கையில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் இருந்திருக்காது. ஒரு தாய்க்குரங்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பையின் ஜிப்பைத்தான் பார்த்தது. பல்செட்டு டப்பாவை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அங்கே நின்றபடிதான் அந்த ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்தேன். எங்கள் வேன் பிள்ளை ஒன்று ரகசியமாகப் பல்லால் கிழித்துத் தலையில் தேய்த்து, காலி உறையைத் தண்ணீரில் விட்டது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்று அதே மதுரைக் கிளை தடை போட்டு வருஷங்கள் ஆகின்றன. பலகையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளை வெளியே வந்ததும் கேட்டேன். “ஒரு பாக்கெட்தான அத்தை, ஓடிப் போயிரும்” என்றது.

எங்கே ஓடிப் போகும்? இந்த மலைத் தண்ணீர்தான் சிற்றாறு. தென்காசியைத் தாண்டி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று போய், சீவலப்பேரியில் தாமிரபரணியில் விழுகிறது. தாமிரபரணி அப்படியே கிழக்கே போகிறது. வல்லநாட்டுப் பக்கம் அந்த ஆற்றிலிருந்து எடுத்துத்தான் தூத்துக்குடிக்குக் குழாயில் குடிதண்ணீர் அனுப்புகிறார்கள். மிச்சம் புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. “நீ இங்க தேய்ச்சது உன் வீட்டுச் சொம்புலதாம்லே வந்து விழும்” என்றேன். பிள்ளை சிரித்தது. கூட நின்ற பெரியவர்களும் சிரித்தார்கள். அத்தைக்கு எப்போதும் ஒரு கதை இருக்கும் என்று பெயர். யோசித்துப் பார்த்தால் இவர்கள் நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றி வந்து பார்த்த தண்ணீரில் ஒரு பங்கு, இவர்களைத் தேடித் தானாகவே தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும். குழாயைத் திறந்துவிட்டு நின்றால் பாதிக் குற்றாலம் வந்துவிடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனால் நானும் கடல் கடல் என்றுதான் அடித்துக்கொள்வேன். மலையைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் ஒரு இது. ஒரு தை மாதம், சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, என் நாத்தனாரை விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பினேன். “அங்க என்ன மைனி இருக்கு, உப்புக் காத்துதான், உடம்பெல்லாம் பிசுபிசுன்னு” என்று புரண்டு படுத்துவிட்டாள். கடல் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் அவள் கால் நனைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் நான் தனியாக ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, மக்ரூன் ரெண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் போனில் கூப்பிட்டு, “ஏட்டி, அலை அடிக்குதா?” என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

குளித்து முடித்து, பல்செட்டு உரியவரிடம் சேர்ந்து, எல்லோரும் ஒன்றுகூடும்போது மூன்று மணி. புளிச்சோற்றைப் பிரிக்கலாம் என்று தூக்குவாளியை எடுத்தேன். ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “பார்டர்ல சாப்பிடாம எப்படி மைனி?” என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. அதுவரைக்கும் மலையாளச் சீமைக் கணக்கு. எல்லை மேற்கே நகர்ந்து போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. ஆனால் ரொட்டிக்கும் கோழிக்கும் பார்டர் அப்படியே நிற்கிறது. வெளியில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்றவளைப் பார்த்தேன். அவள் சிப்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனோம். ஒரு கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஆளுக்கு ஒருவராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள் என்று இலையையே பார்ப்பதைவிட மானக்கேடு எனக்குத் தெரிந்து கிடையாது. எனக்கு ஆடு கோழி ஆகாது. நான் வேனில் உட்கார்ந்து என் புளிச்சோற்றை நானே கொஞ்சம் எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. உப்பு லேசாகத் தூக்கல். டிரைவர் தம்பிக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒருத்தன்தான் அன்றைக்கு, “அம்மா, நீங்க குளிக்கலியா?” என்று கேட்டது.

நான் யோசித்தேன். இருபத்தாறு வருஷத்தில் இந்த வேன் பயணங்களில் நான் அருவியில் நின்றது எத்தனை தடவை? கல்யாணமான முதல் வருஷம் ஒரு தடவை. பெரியவனுக்கு மொட்டை போட்ட வருஷம், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு தடவை. பிறகெல்லாம் பை.

வெளியே வந்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு மணியைப் பார்த்தார்கள். ஐந்தரை. அப்போதுதான் எல்லோருக்கும் மறுநாள் திங்கட்கிழமை என்று உறைத்தது. பள்ளிக்கூடம், ஆபீஸ், துறைமுகத்தில் ஒருவருக்குக் காலை ஷிப்ட். செங்கோட்டையிலிருந்து தென்காசி வரைக்கும் சாலை முழுக்க வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கிவிட்டது. பிள்ளைகள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தும்மின. யாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மேகம் பிரிந்து, வெயில் சாய்ந்து, மலை அப்போதுதான் முழுசாக, நீலமாக வெளியே வந்து நின்றது. காலையிலிருந்து எல்லோரும் அதற்காகத்தான் அலைந்தார்கள்.

தென்காசி வந்ததும் வேன் ஓரமாக நின்றது. நாத்தனார் திரும்பினாள். குரலே மாறிப்போயிருந்தது. “மைனி, தப்பா நினைக்காதிய. இனிமே புளியங்குடிக்கு வந்து சுத்திப் போனா விடிஞ்சிரும். இப்படியே ஆலங்குளம் வழியா போயிருதோம். இப்பதான் நாலுவழி ஆயிருச்சுல்லா, சல்லுன்னு போயிரலாம். உங்களுக்கு இங்கேயிருந்து நிமிசத்துக்கு நிமிசம் பஸ் இருக்கும்.”

அந்த நாலுவழிச் சாலைக்காக எத்தனை மரங்கள் போயின என்று எனக்குத் தெரியும். அந்த மரங்களின் நிழலில் பஸ்ஸுக்கு நின்றவள் நான். ஆனால் அதையெல்லாம் பேசும் நேரமா அது? என்னையும் ரெண்டு தூக்குவாளியையும் இறக்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பதினான்கு கைகள் ஆடின. காலடியில் அவர்களுடைய எலுமிச்சைப் பைகள் பத்திரமாக இருந்தன.

பஸ் நிலையத்தில் குற்றாலம் டவுன் பஸ் ஒன்று என்ஜினை உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பாதி சீட் காலி. ஐந்து கிலோமீட்டர்தான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பேரருவி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் வடிந்திருக்கும், மழை விட்டிருந்தால் தடையையும் எடுத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் அந்த பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். “கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், ராஜபாளையம்” என்று இன்னொரு பக்கம் கண்டக்டர் கத்தினார். வீட்டில் காலையில் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கும். தொண்ணூறு இட்லி அவித்த தட்டுகள். ஏறிவிட்டேன். கடையநல்லூர் வரைக்கும் நின்றுகொண்டுதான்.

வீட்டுக்குள் நுழையும்போது என் வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்தபடியே கேட்டார்: “தண்ணி நல்லா விழுந்துச்சா?”

“விழுந்துச்சு” என்றேன். சேலைத் தலைப்பு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. தூக்குவாளிகளைக் கழுவப் போட்டபோதுதான் பார்த்தேன், ஒன்றுக்கு மூடி இல்லை. வேனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. எங்கள் அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் மூடி.